வெலிமடை வீதியிலே இளவேனில்

சித்திரை பிறக்கப்போவதை நாட்காட்டியைப் பார்த்து அறிபவர்கள் ஒரு சாரார். கடையில் துணி விலை ஏறுவதைக் கண்டு அறிபவர்கள் மற்றொரு சாரார். வெலிமடையில் வாழும் நமக்கு இவ்விரண்டும் வேண்டியதில்லை. ஓர் இலைகூட இல்லாமல் நிற்கும் முள்முருக்கு மரம் கிளைதோறும் செக்கச் செவேலென்று பூத்துவிட்டால் அதுவே நமக்குப் பஞ்சாங்கம். சிங்கள மக்கள் இம்மரத்தை 'எறபது' என்பர். எறபது பூப்பதும் குயில் கூவுவதும் புத்தாண்டு வருவதற்குக் கட்டியம் கூறுவன என்பது அவர்கள் வழக்கு. சங்கப் புலவர்கள் 'கவிர்' என்று அழைத்ததும் இதனையே என்பர் அறிஞர். யாழ்ப்பாணத்தில் கலியாண வீட்டுக் கன்னிக்காலுக்குத் தேடிப் போவதும் இம்மரத்தின் கிளையைத்தான். வீதியோரத்து மரம் ஒன்று இரண்டு மொழிக்காரருக்கும் ஒரே செய்தியைச் சொல்கிறதென்றால், அதனை நாம் சற்று நின்று பார்க்கவாவது வேண்டாமா?

நிற்பது இருக்கட்டும். இவ்வாரம் நாம் எழுத எண்ணியது ஓடுவதைப் பற்றி. மலைநாட்டு நகரங்களில் இளவேனிற் பூக்களைக் காண்பதற்குச் சிறந்த வழி, பொழுது புலரும் வேளையில் மெல்ல ஓடிக்கொண்டே காண்பதுதான் என்பது நமது கட்சி. மூக்கின்மேல் விரலை வைக்கும் நேயர்கள் சிறிது பொறுத்தருள வேண்டும்.

மலைநாட்டுத் தமிழருக்கு ஓட்டம் புதிதன்று. ஆனால் அது என்றும் தேவையின் ஓட்டமாகவே இருந்து வந்திருக்கிறது. நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே கால்நடையாக மாத்தளைக்கும் அதற்கு அப்பாலும் வந்தவர்கள். அந்த வருகையின் 200 ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்து சென்றதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மலைக்கு வந்து சேர்ந்த பின்னரும் கால்களுக்கு ஓய்வு கிடைத்ததா? விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். நேரம் தவறினால் அரைப்பேர். கொழுந்தை நிறுவைக்குக் கொண்டுபோக ஓட வேண்டும். மழை வந்தால் பிள்ளைக்காக ஓட வேண்டும். ஆகவே நமது ஊரில் ஒருவர் ஓடுகிறார் என்றால், அவருக்கு ஏதோ இடர் நேர்ந்திருக்கிறது என்று கொள்வதே வழக்கம்.

நாமும் நம் வீட்டுப் பிள்ளைகள் இருவரும் ஒரு பங்குனிக் காலையில் நுவரெலியா வீதியிலே ஓடிக்கொண்டிருந்தோம். எதிரே கூடையுடன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மையார் நம்மை நிறுத்தினார்.

"என்னா தம்பி, பஸ்ஸு போயிருச்சா?"

"இல்லேங்க அக்கா."

"அப்ப வீட்டுல யாருக்கும் சொகமில்லையா?"

"எல்லாரும் சொகந்தான். சும்மா பூப் பார்க்க ஓடுறோம்."

அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "பூவா? அது எங்கேயும் ஓடிப் போகாதே தம்பி. நீங்க ஏன் ஓடுறீங்க?" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பிள்ளைகளும் சிரித்தனர். ஆனால் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. உண்மையில் பூ ஓடித்தான் போகிறது. காப்பிச் செடியின் வெண்பூ மலர்ந்து இரண்டு மூன்று நாட்களில் வாடிவிடும். ஜக்கரண்டாவின் ஊதாப் பூ சில வாரங்களுக்குள் தரையில் கிடக்கும். முருக்கு தளிர் விடத் தொடங்கினால் பூவின் ஆட்சி முடிந்தது. இத்தனையும் நிகழ்வது பங்குனியின் நடுவிலிருந்து சித்திரை முடிவதற்குள். அவ்வளவு குறுகிய காலத்தில் வந்து போகும் விருந்தாளியை, 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டு வைப்பது பொருந்துமா?

இவ்விடத்தில் மாணாக்கர்களுக்காகச் சிறிது நின்று, நம் மலையில் வசந்தம் எப்படி உண்டாகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். குளிர் நாடுகளில் வசந்தம் வெப்பத்தோடு வருவது. பனி உருகி, பகல் நீண்டு, மரம் விழித்துக்கொள்ளும். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் பகலின் நீளம் ஏறத்தாழ ஒன்றே. குளிரும் மரத்தைத் தூங்கச் செய்யும் அளவினதன்று. இங்கே காலத்தைப் பிரிப்பது நீர். வடகீழ்ப் பருவக்காற்று மார்கழி, தை மாதங்களில் ஊவா மலைகளுக்கு மழையைக் கொடுத்துவிட்டு ஓய்கிறது. மாசி வறள்கிறது. இலை வழியே நீர் வெளியேறுவதைத் தடுக்க, முருக்கு போன்ற மரங்கள் இலையையே உதறிவிடுகின்றன. சிக்கனம் என்றால் இதுவல்லவா சிக்கனம்!

இலையை உதறிய மரம் பூக்கத் தொடங்குகிறது. இதிலும் ஒரு கணக்கு உண்டு. முருக்கின் பூவுக்கு மணம் இல்லை. ஆனால் தேன் நிறைய. அது அழைப்பது வண்டை அன்று, பறவையை. மைனாவும் தேன்சிட்டும் சிவப்பு நிறத்தைத் தொலைவிலிருந்தே கண்டுகொள்ளும். இடையே பச்சிலை மறைத்தால் விளம்பரப் பலகையை வீட்டுக்குப் பின்னால் மாட்டியது போலாகும். வெண்ணிறமும் நறுமணமும் கொண்ட பூக்களின் கணக்கு வேறு. அவற்றுட் பல இரவிலே பறக்கும் பூச்சிகளுக்காக மாலையில் மலர்பவை. வெயில் ஏறிய பின் அவற்றின் மணம் குன்றிவிடும். மல்லிகையும் பவளமல்லியும் இவ்வினம். பதுளை நகரம் வெலிமடையைவிடத் தாழ்வான, வெப்பமான இடம். ஆகவே அங்கே விடியற்காலையில் வீடுகளின் முற்றத்தைக் கடந்து ஓடுபவர் பவளமல்லியின் மணத்தைக் கடைசி மூச்சில் பிடித்துவிடலாம். எட்டு மணிக்கு அலுவலகத்துக்குச் செல்பவருக்கு அது கிடைக்காது.

பங்குனிக் கடைசியில் இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மழை தொடங்குகிறது. காலையில் வானம் துடைத்துவிட்டது போல் தெளிந்திருக்கும். பிற்பகலிலே இடியும் மின்னலும் கூடி வரும். இந்த முதல் மழைக்கென்றே காத்திருப்பது காப்பிச் செடி. வறட்சியில் மொட்டுக் கட்டி அப்படியே உறங்கிக் கிடக்கும். நல்ல மழை ஒன்று பெய்தால், பெய்த நாளிலிருந்து ஒரு வாரம் அல்லது பத்து நாளில் எல்லா மொட்டும் ஒன்றாக விரியும். மல்லிகையை ஒத்த மணம். ஒரு காலத்தில் இம்மலைகளெங்கும் காப்பிதான். 1869ஆம் ஆண்டில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைத்துரு நோய் சில பத்தாண்டுகளில் அத்தோட்டங்களை அழித்துவிட, தேயிலை வந்தது. இன்று வீட்டுக் கொல்லைகளில் நிற்கும் காப்பிச் செடிகள் அந்தப் பழைய காலத்தின் மிச்சம். அக்காலத்தில் மலை முழுதும் ஒரே நாளில் வெள்ளையாகப் பூத்த காட்சி எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

இனி வீதிக்கு வருவோம்.

வெலிமடை பெரிய நகரமன்று. பஸ் நிலையமும் கடைத்தெருவும் கடந்தால் வயலும் மரக்கறித் தோட்டமுமாக மலை விரிந்துவிடும். காலை ஐந்தரை மணிக்கு லீக்ஸும் கரட்டும் கோவாவும் ஏற்றிய லொறிகள் உறுமிக்கொண்டு நிற்கும். தேநீர்க் கடையில் விளக்கு எரியும். ஊமா ஓயாவின் மேலே மூடுபனி ஒரு வெள்ளைப் பாய் விரித்தாற்போல் கிடக்கும். இந்த வேளையில் நகரை ஊடறுத்து ஓடுபவருக்கு முதலில் தெரிவது பூவன்று, பூவின் நிழல். ஆம், தரையைப் பார்த்துத்தான் மரத்தை அறிய வேண்டும். ஈரத் தாரின்மேல் ஊதா நிறம் தெளித்துக் கிடந்தால், தலைக்கு மேலே ஜக்கரண்டா நிற்கிறது என்று பொருள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம் இது. ஆயினும் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் கொடுத்த பாதிரி மரமும் இதுவும் ஒரே குடும்பம். கொழும்பு வீதிகளில் இப்பருவத்தில் இளஞ்சிவப்பாகப் பூக்கும் ரொபரோசியாவும் அக்குடும்பத்ததே.

நுவரெலியாப் பக்கம் வீதி ஏறத் தொடங்குகிறது. ஏற்றத்தில் ஓட்டம் தானாகவே நடையாகிவிடும், அதற்காக வெட்கப்படுவதற்கில்லை. அண்ணாந்து பார்ப்பதற்கு ஏற்றமே வசதி. தேயிலைச் சரிவுகளில் காற்றுத் தடுப்புக்கும் நிழலுக்குமாக நடப்பட்ட கிரெவிலியா மரங்கள் — தோட்டத்தார் சவுக்கு என்பது இதனைத்தான் — பொன்னிறத்தில் சீப்புச் சீப்பாகப் பூத்திருக்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இம்மரத்தை நாம் விறகாகவும் பலகையாகவும் மட்டுமே அறிந்திருக்கிறோம். காலை வெயில் பின்னாலிருந்து அடிக்கும்போது அதன் பூங்கொத்து எரியும் திரி போல் ஒளிர்வதை ஒரு முறை கண்டவர், மறுமுறை விறகை வெட்டும்போது சற்றுத் தயங்குவார். தேயிலைக்கிடையே தழை உரத்துக்காக நட்ட, முள்முருக்கின் இனத்தைச் சேர்ந்த மரமும் வெட்டாமல் விட்டிருந்தால் பூத்திருக்கும்.

மரக்கறித் தோட்டங்களையும் விட்டுவிடக் கூடாது. போஞ்சிப் பந்தலின் வெள்ளைப் பூவையும், கிழங்குப் பாத்தி பூக்கும்போது வெள்ளையும் ஊதாவுமாகத் தலைகாட்டும் சிறு பூக்களையும் யார் பூவென்று மதிக்கிறார்கள்? கறிக்குப் போகும் செடிக்கு அழகு பார்க்கக் கூடாதென்று சட்டம் இல்லையே. பஸ் வண்டியில் போகிறவருக்கு இவை ஒரு பச்சைக் கோடு. தலையில் சுமையோடு நடக்கிறவர் பார்ப்பது தம் பாதத்தையே. வெறுங்கையோடு, மூச்சு வாங்காத வேகத்தில் ஓடுபவருக்குத்தான் கண்ணும் ஓய்வாக இருக்கிறது. காட்சியும் மாறிக்கொண்டே வருகிறது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் பஞ்சத்தில், வேறு வழியின்றிக் கால்நடையாகப் போன பலர் தம் வீதியோரத்து மரங்களை அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்ததாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இத்தனை பூக்களைச் சொல்லிவிட்டு, நம்மைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் நிற்கும் ஒரு செடியின் பூவைச் சொல்லாமல் விட்டோம். தேயிலை பூக்குமா என்று நகரத்துப் பிள்ளைகள் கேட்பதுண்டு. பூக்கும். வெள்ளை இதழும் நடுவிலே மஞ்சள் மகரந்தமுமாகச் சின்னஞ்சிறு பூ. இலேசான மணமும் உண்டு. ஆனால் நன்றாகப் பராமரிக்கப்படும் மலையில் அதைக் காண்பது அரிது. வாரந்தோறும் கொழுந்து பறித்து, மட்டம் பிசகாமல் வைத்து, சில ஆண்டுகளுக்கொரு முறை கவ்வாத்து வெட்டி, செடியின் வலுவையெல்லாம் இலையாகவே வாங்கிக்கொள்கிறார்கள். கை படாமல் விட்ட செடிதான் மரமாக உயர்ந்து பூத்துக் காய்க்கும். ஆகவே தோட்டத்தில் தேயிலைப் பூவைக் கண்டால் துரைமார் முகம் சுளிப்பர். கைவிடப்பட்ட மலையின் அடையாளம் அது. பூப்பதே குற்றமாகக் கருதப்படும் செடியின் நடுவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு, 'பூப் பார்க்க ஓடுகிறோம்' என்ற சொல் விசித்திரமாக ஒலித்ததில் என்ன வியப்பு?

அன்றியும், இம்மலைநாட்டில் பூவென்றால் அது பிறருடைய பூவாகவே நெடுங்காலம் இருந்தது. வெலிமடையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் வழியில், நுவரெலியாவுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் இப்பால் இருப்பது ஹக்கல பூந்தோட்டம். அது பூவுக்காகத் தொடங்கப்பட்டதன்று. மலேரியாச் சுரத்துக்கு மருந்தாகிய கொயினாவைத் தரும் சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்ப்பதற்காக 1861ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பின்னரே ரோஜாவும் பிறவும் வந்து அது உல்லாசப் பூங்காவாயிற்று. அதற்கு அருகிலுள்ள சீதா எலியவில் அசோகவனம் இருந்ததென்பது ஐதிகம். நுவரெலியா நகரின் விக்டோரியாப் பூங்கா, இங்கிலாந்து அரசியின் ஆட்சி வைரவிழா நினைவாக 1897ஆம் ஆண்டில் பெயர் பெற்றது. ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவில் வசந்த விழா. மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், மோட்டார்ப் பந்தயம் எல்லாம் உண்டு. கொழும்பிலிருந்து வண்டிகள் வரிசையாக ஏறி வரும். தோட்டத்துப் பங்களா முற்றங்களிலும் டேலியாவும் ரோஜாவும் சிரித்தன. பாத்தி கொத்தியவர்களும் நீர் வார்த்தவர்களும் நம்மவரே. ஆனால் அந்தப் பூவை நின்று பார்ப்பது அவர்கள் வேலையாக இருக்கவில்லை.

அதனாற் போலும், லயத்து வாசலில் உடைந்த வாளியிலும் பால்மாத் தகரத்திலும் செவ்வந்தியும் ரோஜாவும் வைத்து வளர்க்கும் நம் பெண்களின் ஆசை அத்தனை உறுதியாக இருக்கிறது. எட்டடிக்குப் பத்தடி வாசலிலே ஒரு மலர்க் கண்காட்சி! வீதிப் பூ அதனினும் நல்லது. நுழைவுச் சீட்டு இல்லை, சொந்தக்காரர் இல்லை, நீர் வார்க்கும் வேலையும் இல்லை.

பிற நாட்டார் இதனை எவ்வாறு போற்றுகின்றனர் என்பதையும் சொல்வோம். 1912ஆம் ஆண்டில் ஜப்பானின் தோக்கியோ நகரம் அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனுக்குச் சுமார் 3,000 செர்ரி மரங்களை அன்பளிப்பாக அனுப்பியது. அம்மரங்கள் பூக்கும் ஏப்ரல் தொடக்கத்தில், 1973ஆம் ஆண்டு முதல் அங்கே 10 மைல் ஓட்டம் ஒன்று நடைபெற்று வருகிறது. ஆயிரக்கணக்கானோர் பூவின் கீழே ஓடுகின்றனர். நமக்கு அருகிலுள்ள பெங்களூரை எடுத்துக்கொண்டால், 1908ஆம் ஆண்டில் அங்கு வந்த குரும்பீகல் என்ற ஜெர்மானியத் தோட்டக்கலை அறிஞர், ஒரு வகை மரம் பூத்து ஓய்ந்ததும் அடுத்த வகை பூக்கும்படியாக வீதிகளுக்கு மரம் தெரிந்து நட வழிகாட்டினார். அங்கு வாழும் தமிழர் பலர் காலையில் உலாவும் வீதிகள் அவர் நிழலில் இருப்பவை.

நமக்கு வாஷிங்டன் வேண்டியதில்லை. சித்திரைப் புத்தாண்டு விழாவில் நம் ஊர்கள் தோறும் மரதன் ஓட்டம் இருக்கிறதே! தலையணைச் சண்டைக்கும் வழுக்கு மரத்துக்கும் முன்னதாக, காலையிலேயே இளைஞர்கள் ஊரைச் சுற்றி ஓடிவிடுகிறார்கள். எறபது பூத்த வீதியிலேதான் ஓடுகிறார்கள். ஆனால் முன்னே ஓடுபவன் முதுகைத் தவிர வேறொன்றையும் பார்ப்பதில்லை. பரிசுக்காக ஓடினால் அப்படித்தான். அந்த ஒரு நாள் ஓட்டத்தை ஏனைய நாட்களுக்கும் பரப்பி, பரிசை மட்டும் எடுத்துவிட்டால் நாம் கேட்பது கிடைத்துவிடும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நமக்கு ஒரு குறை உண்டு. பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் மலைநாட்டுப் பெண்கள் வெறுங்காலோடு ஓடி வெற்றிக் கிண்ணம் வாங்குவதை ஆண்டுதோறும் காண்கிறோம். மேடைக்கு அழைத்துப் பாராட்டுகிறோம். பரீட்சை முடிந்து பாடசாலையை விட்ட மறுநாளே அவள் கால்கள் கட்டப்பட்டு விடுகின்றன. 'வயது வந்த பெண் வீதியில் ஓடினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?' அந்த நாலு பேர் யார் என்று நாமும் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறோம், கிடைக்கவில்லை. தனியே அனுப்ப அச்சமென்றால் அதனை நாம் குறை கூற மாட்டோம். வீதி அத்தனை நல்லதன்று. நாலைந்து பேராகச் சேர்ந்து ஓடட்டும். அண்ணனோ தகப்பனோ உடன் ஓடட்டும். சேர்ந்து ஓடுவோரைக் கண்டு இரண்டு வாரம் சிரிப்பார்கள். மூன்றாம் வாரம் ஒருவர் வந்து சேர்ந்துகொள்வார்.

கூடையோடு போன அந்த அம்மையாருக்கு நாம் என்ன சொல்வது? நாள் முழுவதும் செங்குத்தான மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து பறிப்பவருக்குத் தேகப்பயிற்சியைப் போதிப்பது கேலியாகும். வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். அந்த அளவை அவர் திங்கட்கிழமை பகலுக்குள் முடித்துவிடுவார். அவருக்கு வேண்டியது அசைவன்று; கையில் கூடையும் மனத்தில் கணக்கும் இல்லாத ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஓய்வு என்று பெயர். விறகும் துணியும் தண்ணீரும் அந்த ஓய்வைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இந்தப் பக்கத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில், தேநீர்க் கோப்பையும் கையுமாகப் படிக்கும் ஆண் மக்களைக் கேட்கிறோம்: அந்தத் தேநீரை ஊற்றிக் கொடுத்தவர் இப்போது எங்கே இருக்கிறார்? அடுப்படியிலா? சித்திரை மாதத்து ஞாயிறு நான்கில் ஒன்றிலாவது ரொட்டியை நீங்கள் தட்டுங்கள். சம்பலைப் பிள்ளைகள் அரைக்கட்டும். மனைவியும் மகளும் தாயும் வீதியில் இறங்கிப் போய்வரட்டும். ஓடுவதோ நடப்பதோ பாலத்தின்மேல் நின்று வேடிக்கை பார்ப்பதோ அவர்கள் விருப்பம். ரொட்டி கருகினாலும் பாதகமில்லை. திரும்பி வருபவர்களுக்கு நல்ல பசி இருக்கும்.

புறப்படுவோருக்குச் சில சொற்கள். நம் நாட்டில் வண்டிகள் இடப்புறம் செல்வதால், ஓடுபவர் வலப்புறமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்து ஓட வேண்டும். மலை வளைவுகளில் இது உயிரைக் காக்கும் விதி. மூடுபனியில் வெளிர் நிறச் சட்டை அணிவது நன்று. பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகமே சரியான வேகம். இறக்கத்தில் பூவைப் பார்க்க வேண்டாம், காலைப் பாருங்கள். முழங்காலுக்குக் கேடு வருவது இறக்கத்திலேதான். ஓடை ஓரங்களில் எக்காளம் போல் தொங்கும் பெரிய வெண்பூவையும் இளஞ்செம்மஞ்சள் பூவையும் கண்டால் பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். ஊமத்தையின் உறவு அது. அழகுக்குச் சற்றும் குறையாத நஞ்சு உடையது. மற்றப் பூக்களையும் கிளையோடு ஒடிக்க வேண்டியதில்லை, உதிர்ந்ததே போதும்.

மாணாக்கர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறோம். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் 99 பூக்களின் பெயரை அடுக்கியிருக்கிறார் என்று தமிழாசிரியர் சொல்லியிருப்பார். உங்கள் வீட்டு வாசலிலிருந்து பாடசாலை வாசல் வரை எத்தனை பூக்கள்? பெயர் தெரியாதவற்றுக்குப் பாட்டியைக் கேளுங்கள். பாட்டிக்கும் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவைக் கேளுங்கள். அதனோடு ஒவ்வொரு மரமும் முதற் பூ விட்ட தேதியையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இதனைச் சிறு பிள்ளை விளையாட்டு என்று எண்ணற்க. ஜப்பானின் கியோத்தோ நகரில் செர்ரி பூத்த நாட்களை 1,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே குறித்து வைத்திருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டில் மார்ச் 26ஆம் தேதியே முழுமையாகப் பூத்துவிட்டது. அதுவரையிலான அத்தனை நூற்றாண்டுக் குறிப்பிலும் அதுவே மிக முந்திய நாளாக இருந்தது. பூமி சூடேறுகிறது என்பதற்கு விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டும் சான்றுகளில் அக்குறிப்பும் ஒன்று. அரண்மனை நாட்குறிப்பில் யாரோ ஒருவர் 'இன்று பூ' என்று எழுதி வைத்தது இன்று எவ்வளவு பெரிய காரியத்துக்கு உதவுகிறது பாருங்கள். ஊவாவின் மழை முன்பின்னாக வருகிறது என்று நம் விவசாயிகள் சொல்கிறார்களே, முருக்கும் அதனைச் சொல்கிறதா என்று பத்து வருஷக் கொப்பி இருந்தால் பார்த்துவிடலாம்.

எழுதி வைக்க மரம் இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். வீதியை அகலமாக்கும்போதும் மின்கம்பி இழுக்கும்போதும் முதலில் விழுவது பூத்த மரமே. வெட்டியே ஆக வேண்டிய இடம் உண்டு, நாம் மறுக்கவில்லை. வெட்டிய இடத்துக்கு எதிர்ப்புறத்தில் ஒரு முருக்கங்கிளையை ஊன்றி வைக்க அரை மணி நேரம் போதும். கிளையிலிருந்தே முளைக்கும் மரம் அது. ஊர்ச் சங்கங்கள் புத்தாண்டு விழாச் செலவுக் கணக்கில் இதற்கென்று ஒரு வரி சேர்த்தால் பெரிய நட்டம் வந்துவிடாது.

ஆனி பிறந்தால் ஊவாவில் கச்சான் காற்று வீசத் தொடங்கிவிடும். அதன் முன் எந்தப் பூவும் நிற்காது. இப்போதைக்குச் சவுக்குப் பூவுக்கு அவசரமில்லை. ஜக்கரண்டாவுக்கு அடுத்த ஞாயிறே நல்ல நாள். காப்பிப் பூ வேண்டுவோர், முதல் பெருமழை பெய்த நாளிலிருந்து விரலை மடக்கி எண்ணத் தொடங்குங்கள்.